கார் இல்லாத குடும்பம் கோவையில் எங்கே வீடு பார்ப்பது?

கேள்வி: நாங்கள் சத்தியமங்கலத்துக்காரர்கள். எனக்குப் பீளமேட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். கணவர் டவுன்ஹால் பக்கம் ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறார். அவருக்கு விழித்திரையில் பாதிப்பு. பக்கப் பார்வை குறைந்துவிட்டது, இருட்டில் சரியாகத் தெரியாது. வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஸ்கூட்டி ஓட்டுவேன். கார் வாங்கும் எண்ணம் இல்லை. எங்களோடு முழங்கால் வலி உள்ள மாமியாரும், ஏழாவது படிக்கும் பையனும் இருக்கிறார்கள். இப்போது கணபதியில் வாடகை வீடு. சொந்தமாக வாங்க மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, கோவில்பாளையம் தாண்டி சத்தி ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, புது லேஅவுட்டில் சின்னத் தனி வீடு. இரண்டாவது, துடியலூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு ஃபிளாட். மூன்றாவது, சிங்காநல்லூருக்கும் ஒண்டிப்புதூருக்கும் நடுவில், திருச்சி ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருபது வருடப் பழைய ஃபிளாட், முதல் மாடி. தனி வீடு இந்தப் பழைய ஃபிளாட்டைவிட 12 லட்சம் குறைவு. “அந்தப் பணத்துல ஒரு காரை வாங்கிப் போட்டுக்கங்க, எல்லாமே பக்கந்தானுங்க” என்கிறார் புரோக்கர். சொந்தக்காரர்களும் தனி வீட்டைத்தான் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, கோவை

பதில் (நகரமைப்பு ஆலோசகர்):

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், திருச்சி ரோட்டுப் பழைய ஃபிளாட்தான் உங்கள் குடும்பத்துக்குச் சரி. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். ஏன் அந்த வீடு என்பதைத்தான் விரிவாக எழுதப்போகிறேன். நாளைக்கு அது கைநழுவிப் போனாலும், வேறு வீட்டை அதே கணக்கில் நீங்களே நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கார் வைத்திருப்பவர் வீட்டைப் பிடித்துவிட்டு அப்புறம் வழியைப் பற்றி யோசிக்கலாம். கார் இல்லாதவர் முதலில் பஸ் ஸ்டாப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஸ்டாப்பிலிருந்து நடக்கிற தூரத்துக்குள் எந்த வீடு கிடைக்கிறது என்பது அடுத்த வேலை. என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் சதுர அடி, கிழக்குப் பார்த்த வாசல், போர் தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில்தான் “பஸ் வசதி இருக்குதுங்களா?” என்று கேட்கிறார்கள். “இருக்குதுங்க” என்ற பதிலோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த பஸ், எங்கே போகும், எத்தனை மணி வரைக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. உங்கள் வீட்டுக்கு அந்த மூன்று கேள்விகள்தான் அஸ்திவாரம்.

கோவையின் ரோடுகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நடுவிலிருந்து பிரிந்து போகின்றன. அவினாசி ரோடு, திருச்சி ரோடு, சத்தி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, தடாகம் ரோடு, மருதமலை ரோடு, பேரூர் ரோடு, பாலக்காடு ரோடு, பொள்ளாச்சி ரோடு என்று எண்ணிக்கொண்டே போகலாம். டவுன் பஸ்ஸும் இந்த ரோடுகளைப் பிடித்துத்தான் ஓடுகிறது. ஒரே ரோட்டில் போய் வருவது சுலபம். ஒரு ரோட்டிலிருந்து இன்னொரு ரோட்டுக்குப் போவதென்றால், பெரும்பாலும் காந்திபுரமோ உக்கடமோ வந்து இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஒரு பஸ்ஸில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து போவதும், இரண்டு பஸ் மாறி நாற்பது நிமிடம் போவதும் ஒன்றல்ல. பஸ் மாறும் இடத்தில்தான் நேரம் நம் கையை விட்டுப் போகிறது. ஷிப்ட் வேலைக்குப் போகும் உங்களுக்கு அது அட்டெண்டன்ஸ் பிரச்சினை. மாலை மங்கிய பிறகு நெரிசலில் பஸ் போர்டைத் தேட வேண்டிய உங்கள் கணவருக்கு அது பாதுகாப்புப் பிரச்சினை.

இப்போது மூன்று இடங்களையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். கோவில்பாளையத்திலிருந்து அவர் டவுன்ஹாலுக்கும் நீங்கள் பீளமேட்டுக்கும் வர, சரவணம்பட்டி, கணபதி வழியாக காந்திபுரம் வந்து இருவருமே பஸ் மாற வேண்டியிருக்கும். சத்தி, புளியம்பட்டியிலிருந்து அன்னூர் வழியாக வரும் பஸ்கள் அந்த ரோட்டில் நிறைய ஓடுவது உண்மைதான். ஆனால் அதில் எது கோவில்பாளையத்தில் நிற்கும், எது நிற்காமல் போகும் என்பது வேறு விஷயம். வெளியூர் பஸ் கண்ணில் படுகிறது என்பதற்காக அதை நம்முடைய பஸ்ஸாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

துடியலூர் உங்கள் கணவருக்கு நல்ல இடம். மேட்டுப்பாளையம் பாசஞ்சர் துடியலூரில் நின்று, கோவை வடக்கு வழியாக ஜங்ஷனுக்கு வருகிறது. ஜங்ஷனிலிருந்து டவுன்ஹால் பக்கந்தான். ரயிலில் ஏறுவதும் இறங்குவதும் அவருக்கு பஸ்ஸைவிட நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த ரயில் ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். கடையில் கணக்கு முடிய அரைமணி நேரம் தாமதமானால் அன்றைக்கு ரயில் கிடையாது, பஸ்தான். இப்படிப்பட்ட ரயிலைக் கூடுதல் வசதியாக எடுத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி வீடு வாங்கக் கூடாது. உங்களுக்கோ, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து அவினாசி ரோட்டுக்கு மாற வேண்டும். மதிய ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் காந்திபுரத்தில் துடியலூர் பஸ்ஸுக்கு நிற்பது வாரத்தில் பாதி நாள் நடக்கும்.

திருச்சி ரோட்டு ஃபிளாட்டிலிருந்து அவருக்கு ராமநாதபுரம், சுங்கம், அரசு மருத்துவமனை வழியாக டவுன்ஹாலுக்கு நேர் பஸ். உங்களுக்கு, சிங்காநல்லூரிலிருந்து, அவினாசி ரோட்டில் பீளமேட்டை ஒட்டி இருக்கும் ஹோப்ஸுக்குப் போகும் காமராஜர் ரோடு இருக்கிறது. ஆரக்கால் ரோடு இரண்டை இணைக்கும் குறுக்கு ரோடுகள் இந்த ஊரில் குறைவு, அதில் உங்களுக்கு வேண்டிய ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் அமைந்திருக்கிறது. அந்த வழியில் பஸ் கிடைக்காத நேரத்திலும் ஸ்கூட்டியில் போய்விடலாம். ஸ்கூட்டி எடுக்க முடியாத இரவில் ஆட்டோவுக்கும் நகரத்தைச் சுற்றிவரும் தூரத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், இதை வீடு பார்ப்பவர்கள் கவனிப்பதே இல்லை. ஒண்டிப்புதூரில் அரசு பஸ் டிப்போ இருக்கிறது. டிப்போவுக்குத் திரும்பும் பஸ் இரவு கடைசியில் அந்த ரோட்டில் வந்துதான் தீர வேண்டும், விடிகாலையில் அங்கிருந்துதான் புறப்பட வேண்டும். டிப்போ உள்ள பக்கம் வீடு இருந்தால் முதல் பஸ்ஸும் கடைசி பஸ்ஸும் மற்ற இடங்களைவிட உங்களுக்குச் சாதகமாக இருக்கும். ஒண்டிப்புதூர் டிப்போ வாசலில் இருக்கும் நேரக்காப்பாளரிடம் நேரிலேயே கேளுங்கள். ஷிப்ட் வேலை என்று சொன்னால் எந்த நடை எப்போது என்று பொறுமையாகச் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிங்காநல்லூர் ரயில்வே ஸ்டேஷனும் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டும் ஒட்டியிருக்கவில்லை. ஸ்டேஷன் நீலிக்கோணாம்பாளையம் பக்கம் இருக்கிறது. “ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட் ரெண்டும் பக்கம்” என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் எது எவ்வளவு பக்கம் என்று நடந்து பார்த்துவிடுங்கள்.

அந்த இரண்டு கிலோமீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கவலை அதிகம். சத்தி ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் என்பது காரில் ஐந்து நிமிடம், நடந்தால் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் மாமியார் அதை நடக்கப்போவதில்லை. பையன் பகலில் சைக்கிளில் போய்விடுவான். உங்களிடம் ஸ்கூட்டி இருக்கிறது. அதனால் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள், வீட்டில் இருப்பது ஒரே வண்டி, அதை ஓட்டத் தெரிந்தவரும் ஒரே ஆள். நீங்கள் டூட்டிக்குப் போன நிமிடத்திலிருந்து மற்ற மூன்று பேருக்கும் அது வண்டியே இல்லாத வீடு. மாமியாருக்கு மூட்டு வலி மாத்திரை தீர்ந்துபோகிறது, பையனுக்கு ஸ்கூலில் காய்ச்சல் வந்து கூப்பிடுகிறார்கள், கணவர் இரவு சத்தி ரோட்டில் இறங்கி நிற்கிறார். எல்லாவற்றுக்கும் நீங்கள் வேண்டும், நீங்களோ வார்டில் இருப்பீர்கள். குடும்பத்தின் மொத்தப் போக்குவரத்தையும் ஒரு பெண்ணின் தோளில் ஏற்றிவைக்கும் வீட்டை, எவ்வளவு விலை குறைந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கார் வாங்கினால் தீருமா? அதையும் நீங்கள்தான் ஓட்ட வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு கோவில்பாளையம் வரை ஓட்டி வருவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

12 லட்சத்தையும் மாதக் கணக்காக மாற்றிப் பாருங்கள். வீட்டுக் கடன் வட்டி 8.5 சதவீதம், 20 வருடத் தவணை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதம் சுமார் 868 ரூபாய் வரும். 12 லட்சத்துக்கு ஏறத்தாழ 10,400 ரூபாய். தனி வீடு உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தருவது இவ்வளவுதான். காரென்றால் தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர். கார் வாங்காவிட்டால், வாரத்தில் நாலைந்து முறை உள்ளே வர ஆட்டோ, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கால் டாக்ஸி, பையனுக்குத் தூரத்து ஸ்கூல் வேன். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பத்தாயிரத்தில் பெரும்பங்கு ரோட்டிலேயே போய்விடும், உங்கள் நேரமும் கூடவே போகும். ஃபிளாட்டுக்குக் கூடுதலாகக் கட்டும் தவணை 20 வருடத்தில் முடிந்து சொத்தாக நிற்கும், ஆட்டோவுக்குக் கொடுத்தது நிற்காது.

பஸ் செலவு உங்கள் வீட்டில் கிட்டத்தட்ட இல்லாமலே செய்ய முடியும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அதாவது உங்களுக்கும் மாமியாருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்தச் சலுகை உண்டு. கணவருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால், கண் டாக்டரின் ரிப்போர்ட்டுகளோடு போய் விண்ணப்பியுங்கள். அவர் கூச்சப்பட்டால் நீங்கள் பேசிப் புரியவையுங்கள். அது அவருக்குச் சட்டம் தரும் உரிமை. கோவையில் தனியார் டவுன் பஸ்கள் நிறைய ஓடுகின்றன, அவற்றில் இந்தச் சலுகை செல்லாது. அதனால் ஸ்டாப்பில் நின்று பார்க்கும்போது அரசு பஸ் எத்தனை, தனியார் எத்தனை என்றும் கவனியுங்கள்.

இனி உங்கள் கணவருக்காக ஒன்று செய்யுங்கள். மழை இல்லாத ஒரு நாள், இரவு எட்டரை மணிக்கு மேல் அவரோடு டவுன்ஹாலில் பஸ் ஏறி, அந்த ஃபிளாட்டுக்குரிய ஸ்டாப்பில் இறங்குங்கள். அவரை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் இரண்டடி பின்னால் போங்கள், கையைப் பிடிக்காதீர்கள். பஸ் இறக்கிவிடும் இடத்தில் நடைபாதை இருக்கிறதா, இறங்கியவுடன் சரிவான மண் தரையா? டவுனிலிருந்து வரும் பஸ் இறக்கிவிடும் பக்கம் வீடு இருக்கிறதா, இல்லை ரோட்டைக் கடக்க வேண்டுமா? கடக்க வேண்டுமென்றால் சிக்னல் எவ்வளவு தூரத்தில், நடுத் தடுப்பில் திறப்பு எங்கே? தெருவுக்குள் திரும்பியதும் விளக்குக் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருட்டுத் துண்டு எவ்வளவு நீளம்? சாக்கடைமேல் பலகைக் கல் முழுதாக மூடியிருக்கிறதா, ஒரு கல் உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா? வீடு கட்டுபவர் தெருவில் ஜல்லியும் எம்-சாண்டும் கொட்டி வைத்திருக்கிறாரா, வாசல் சரிவை யாராவது ரோடு வரைக்கும் இழுத்துக் கட்டியிருக்கிறார்களா, நாய்கள் எந்த மூலையில் படுத்திருக்கின்றன? பக்கப் பார்வை இல்லாதவருக்கு நேர் எதிரே இருப்பதைவிட முழங்கால் உயரத்தில் ஓரமாக நிற்பதுதான் ஆபத்து. அவர் எங்கே தயங்குகிறார், எங்கே காலால் தடவிப் பார்க்கிறார் என்று கவனித்தாலே அந்தத் தெரு அவருக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிந்துவிடும்.

சின்னக் குறைகளைச் சரிசெய்ய முடியும். எரியாத தெருவிளக்கையும் உடைந்த சாக்கடை மூடியையும் பற்றி மாநகராட்சியில் புகார் கொடுக்கலாம், வார்டு கவுன்சிலரிடம் சொல்லலாம். மாநகராட்சி எல்லைக்குள் வீடு வாங்குவதில் இந்த வசதி இருக்கிறது. புது லேஅவுட்டில் ரோடும் விளக்கும் உள்ளாட்சியின் கைக்குப் போய்ச்சேரும் வரை யாரைக் கேட்பது என்பதே பல இடங்களில் தெளிவாக இருப்பதில்லை.

மழைக்காலத்தையும் மறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கனமழை பிடித்தால் லங்கா கார்னர் ரயில்வே பாலத்தடியில் தண்ணீர் தேங்கும், டவுன்ஹால் பக்கம் போக்குவரத்து சுற்றிவிடப்படும். அந்த மாதிரி மாலைகளில் உங்கள் கணவர் எங்கே காத்திருக்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு அந்தப் பக்கம் ஒத்துப்போகும் என்றே நினைக்கிறேன். சிங்காநல்லூரில் உழவர் சந்தை இருக்கிறது, மருந்துக் கடை, கோயில், டாக்டர் எல்லாம் அந்த வட்டாரத்திலேயே கிடைக்கும். முதல் மாடிதான் யோசிக்க வைக்கிறது. லிஃப்ட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதே கட்டடத்தில் தரைத்தள வீடு விலைக்கு வருமா என்று விசாரியுங்கள், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. பையனுக்கு நடந்துபோகிற தூரத்தில் ஸ்கூல் பாருங்கள். இன்னும் இரண்டு வருடத்தில் அவன் தானாகவே டவுன் பஸ் ஏறி நூலகத்துக்கும் விளையாடவும் போய்வரத் தொடங்கிவிடுவான், யாரும் கொண்டுபோய் விட வேண்டியதில்லை.

புரோக்கர்கள் மெட்ரோவைச் சொல்லி விலை ஏற்றினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவினாசி ரோடு, சத்தி ரோடு இரண்டு வழித்தடங்களுக்கும் திட்ட அறிக்கை தயாரானது, 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. வரும்போது வரட்டும், இன்றைக்கு அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாகிவிட்டது. அதையும் விளம்பரங்களில் போடுகிறார்கள். காரில் போகிறவருக்கு அது நேரம் மிச்சம். ஸ்டாப்பில் நிற்பவரின் பஸ் கீழே வந்து நின்றால்தான் அவருக்குப் பயன்.

சொந்தக்காரர்கள் தனி வீட்டைச் சொல்வதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நம் பக்கத்தில் காலடியில் சொந்த மண் இருப்பது பெரிய தைரியம். மண்ணின் விலை ஏறும், கட்டடம் பழசாகும் என்று அவர்கள் சொல்வதும் சரிதான். சத்திக்குப் போய்வரவும் கோவில்பாளையம்தான் கிட்டே. ஆனால் சத்திக்கு மாதத்தில் ஒன்றிரண்டு முறைதான் போவீர்கள், அதற்குக் காந்திபுரம் வந்து பஸ் ஏறிக்கொள்ளலாம். வேலைக்கும் ஸ்கூலுக்கும் தினமும் போக வேண்டும். மண் வேண்டுமென்றால் கடன் கொஞ்சம் அடைந்த பிறகு ஊர்ப் பக்கமே சின்ன இடம் வாங்கிப் போடுங்கள். குடியிருக்கும் வீட்டையும் முதலீட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது அட்வான்ஸுக்கு முன் பார்க்க வேண்டியவை. முதலாவது, பஸ். வாரநாளில் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை, உங்கள் ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் அந்த ஸ்டாப்பிலிருந்து பீளமேடு போய் வாருங்கள். காமராஜர் ரோடு வழியில் அந்தந்த நேரத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடைகள் குறையும், உங்களுக்கோ ஞாயிறும் டூட்டி வரும்.

இரண்டாவது, கட்டடம். இருபது வருடக் கட்டடம் என்பதால் வங்கி தவணைக் காலத்தைக் குறைக்கலாம். 20-க்குப் பதில் 15 வருடம்தான் என்றால் அதே வட்டியில் லட்சத்துக்கு மாதம் சுமார் 985 ரூபாய் ஆகும். அப்போதும் உங்கள் சம்பளத்துக்குள் அடங்குகிறதா என்று வங்கியில் முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் ஃபிளாட்டுக்குச் சேரும் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு, அது பத்திரத்தில் தெளிவாக இருக்கிறதா, அங்கீகரித்த வரைபடப்படி கட்டடம் இருக்கிறதா என்பதை வக்கீலிடம் காட்டுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் போய் மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினார்களா, கனமழையில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வந்ததா என்று விசாரியுங்கள். செயலாளரிடம் கேட்டதோடு நிற்காமல், கீழ் வீட்டில் இருக்கும் பெண்களிடமும் கேளுங்கள்.

இதெல்லாம் சரியாக வந்து, விலை மட்டும் இடித்தால், அதே கட்டடத்திலோ பக்கத்துத் தெருவிலோ ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஃபிளாட்டே கைவிட்டுப் போனால், திருச்சி ரோட்டில் ராமநாதபுரத்திலிருந்து ஒண்டிப்புதூர் வரைக்கும், காமராஜர் ரோட்டில் வரதராஜபுரம், ஹோப்ஸ் பக்கமும் தேடுங்கள், வீடு கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் சரி. துடியலூரை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவமனை எப்போதாவது நிரந்தரப் பகல் ஷிப்ட் கொடுத்தால், அதை மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.